41 மில்லிமீட்டரில் ஓர் அரசாட்சி: பதினான்காம் லூயியின் மறு அச்சு மெடல்கள்

பழைய நாணயம் விற்கும் ஐரோப்பிய இணையக் கடைகளில் ‘பதினான்காம் லூயி’ என்று தேடினால், உள்ளங்கைக்குள் அடங்கும் பழுப்பு நிற வெண்கல மெடல்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பக்கம் அந்தப் பிரெஞ்சு மன்னரின் பக்கவாட்டு முகம். மறுபக்கம் ஒரு முற்றுகை, ஒரு கட்டடம் அல்லது ஒரு தேவதை. சுற்றிலும் லத்தீன் எழுத்து, கீழே ரோமன் எண்களில் 1672 என்றோ 1685 என்றோ ஆண்டு. மெடலில் உள்ள ஆண்டுதான் அதை அடித்த ஆண்டு என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு, அப்படி நம்பவைத்து விற்பவர்களும் உண்டு. சந்தையில் புழங்குபவற்றில் பெரும்பாலானவை பாரிஸ் நாணயச்சாலை 19, 20-ஆம் நூற்றாண்டுகளில், பெரும்பாலும் பழைய அச்சுகளைக் கொண்டே, மறுபடி அடித்து விற்றவை. அந்த மறு அச்சுகளை எதற்காக வாங்கலாம், எதற்காக வாங்கக் கூடாது, கையில் வந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பரோக் காலம் எனப்படும் 17-ஆம் நூற்றாண்டின் மன்னர் ஒருவர் தன் அதிகாரத்தை எப்படிச் செய்து, அடுக்கி, பரப்பினார் என்று கையில் வைத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கு இதைவிட மலிவான, நேரடியான பொருள் இல்லை. சில பத்து யூரோக்களில் நல்ல வெண்கல மறு அச்சு கிடைக்கும். சிற்பக் கலைக்காக வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

‘பூவா தலையா’ போடும்போது சொல்வதுபோலவே மன்னர் முகம் உள்ள பக்கத்தைத் தலை என்றும், காட்சி உள்ள பக்கத்தைப் பூ என்றும் சொல்லிக்கொள்வோம். நாணயத்துக்கும் மெடலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. மெடலை வைத்துக் கடையில் எதுவும் வாங்க முடியாது. அதற்குச் செலாவணி மதிப்பு கிடையாது. பரிசாகக் கொடுக்க, தூதர்களுக்கு வழங்க, கட்டடத்தின் அடித்தளத்தில் புதைக்க, பேழையில் அடுக்கிக் காட்ட என்றே செய்தார்கள். நாணயத்தின் உருவத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டது மெடல். ரோமப் பேரரசர்களின் தலைகளை நாணயங்களில் பார்த்துப் பழகிய ஐரோப்பியப் படிப்பாளிகளுக்கு, அதே வட்டத்துக்குள் தம் காலத்து மன்னரின் தலை இருந்தாலே சொல்ல வந்தது புரிந்துவிடும்.

இந்த வரிசையின் பிறப்பு ஒரு குழுவில் தொடங்குகிறது. 1663-இல் அமைச்சர் கோல்பேர், மன்னரின் புகழுக்கான வாசகங்களையும் சின்னங்களையும் தீர்மானிக்க நான்கு பேர் கொண்ட சிறிய அவை ஒன்றை அமைத்தார். அதன் செயலாளராக இருந்தவர் எழுத்தாளர் ஷார்ல் பெரோ. பின்னாளில் நாடகாசிரியர் ராசினும் கவிஞர் புவாலோவும் அதில் சேர்ந்தார்கள். இருவரும் அப்போது மன்னரின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர்கள். எந்த நிகழ்வுக்கு மெடல், பூவில் என்ன காட்சி, லத்தீனில் எத்தனை சொல் என்று அந்த அவை வாரக்கணக்கில் வாதாடியது. தொடக்கத்தில் மெடல்கள் பல அளவுகளில் இருந்தன. 1690-களில்தான் எல்லாவற்றையும் ஒரே அளவில், சுமார் 41 மி.மீ. விட்டத்தில், முதலிலிருந்து மறுபடி வெட்டுவது என்று முடிவானது. படங்களை வரைந்து கொடுத்தவர்களில் செபஸ்தியான் ல கிளேர், அந்துவான் குவாப்பெல் முக்கியமானவர்கள். மெடல் அடிப்பதற்கான எஃகு அச்சை வெட்டியவர்களில் ழான் மோழேவின் பங்குதான் மிகப் பெரியது. ரொத்தியே, மொலார், பெர்னார், ருசேல் போன்றோர் மீதியைச் செய்தார்கள். 1702-இல் அரச அச்சகம் இந்த மெடல்களை ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக 286 மெடல்கள், ஒவ்வொன்றுக்கும் விளக்கம். அந்தப் புத்தகத்துக்காகவே புதிய எழுத்துருவும் வெட்டினார்கள். மன்னர் இறந்த பின், 1723-இல் வந்த பதிப்பில் எண்ணிக்கை 318 ஆனது.

இந்த ஒரே அளவுதான் விஷயத்தின் உயிர் என்பது எங்கள் கருத்து. 41 மி.மீ. வட்டத்துக்குள் ஒரு கோட்டை விழுந்ததும் அடங்கும், ஒரு கால்வாய் வெட்டியதும் அடங்கும், மன்னர் நோயிலிருந்து தேறியதும் அடங்கும். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆட்சி, பேழையில் அடுக்கி வைக்கக்கூடிய ஒரே மாதிரி வட்டங்களாக மாறிவிடுகிறது. ஒன்றைப் பார்த்தால் மெடல். முப்பதைச் சேர்த்துப் பார்த்தால் அரசு இயந்திரம் கண்ணுக்குத் தெரியும். மறு அச்சு மெடலுக்கு மதிப்பு வருவதும் இதனால்தான். பல பிரதிகள் எடுத்துப் பரப்புவதற்கென்றே பிறந்த பொருள் இது. பிற்காலப் பிரதி என்பதால் அதன் செய்தி எதையும் இழந்துவிடுவதில்லை.

பூப் பக்கத்தைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. காட்சிக்கு மேலே வளைந்து ஓடும் வாசகம் கருத்தைச் சொல்லும். கீழே கோடு போட்டுப் பிரித்த பகுதி, நடந்தது என்ன, எப்போது என்று சொல்லும். மேலே உள்ளது எப்போதும் உயர்ந்த குரல், கீழே உள்ளது பதிவேட்டின் குரல். ஜெனோவா மெடலை எடுத்துக்கொள்வோம். 1684 மே மாதம் பிரெஞ்சுக் கப்பற்படை ஜெனோவா நகரத்தைக் குண்டு வீசிச் சிதைத்தது. அந்தக் குடியரசின் தலைவர் பதவியில் இருக்கும்போது ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அவர்கள் சட்டம். லூயி அவரைத்தான் வரச் சொன்னார். 1685 மே மாதம் அவர் வெர்சாய் அரண்மனைக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். மெடலின் மேல் வாசகத்துக்குப் பொருள் ‘பணிந்த ஜெனோவா’. கீழே, ‘தலைவரே தூதராகவும் மன்றாடுபவராகவும்’ என்று ஆண்டோடு பதிவு. குண்டு வீச்சுக்கென்று முந்தைய ஆண்டுத் தேதியோடு தனி மெடல் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடியும் மன்னிப்பும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிபோலத் தெரியும். தனித்தனியாக வாங்காதீர்கள், ஜோடியாகத் தேடுங்கள்.

அதே 1685-இல், நாந்த் ஆணையை லூயி ரத்து செய்தார். புராட்டஸ்டண்ட் பிரஜைகளுக்கு அவருடைய தாத்தா நான்காம் ஹென்றி கொடுத்திருந்த உரிமை அது. இதைக் கொண்டாடும் மெடல்களில் ஒன்று ‘இருபது லட்சம் கால்வினியர்கள் திருச்சபைக்குத் திரும்பினர்’ என்று எழுதுகிறது. பிரான்ஸில் அப்போது இருந்த புராட்டஸ்டண்டுகளே ஏறத்தாழ எட்டு லட்சம்பேர்தான். அவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். பொய்யான எண் ஒன்று உலோகத்தில் ஏறி, அரச முத்திரையோடு தூதர்களின் கைக்குப் போவது எப்படி இருக்கும் என்று அறிய இந்த ஒரு மெடல் போதும். இன்னொன்று இடிக்கப்பட்ட புராட்டஸ்டண்ட் தேவாலயங்களைப் பற்றியது. ‘வென்ற சமயம்’ என்பது அதன் வாசகம். கொடூரமான நிகழ்வை இவ்வளவு அமைதியான, சீரான எழுத்தில் சொல்வதைப் பார்க்கும்போது வரும் கனம், புத்தகப் படத்தைப் பார்க்கும்போது வருவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு தேதியும் இந்த வரிசையில் இருக்கிறது. ஐரோப்பியக் கூட்டணியோடு லூயி நடத்திய ஒன்பது ஆண்டுப் போரை முடித்த 1697-இன் ரிஸ்விக் சமாதானம். 1693-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பித் தர வழி செய்தது அந்த உடன்படிக்கைதான். மெடலில் புதுச்சேரி இல்லை. ஐரோப்பா முழுவதற்கும் லூயி அமைதி அளித்தார் என்பதே அதன் தோரணை. உண்மையில் அந்தப் போரில் அவர் பிடித்த இடங்களில் பலவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி தலைப் பக்கம். ஒரே அளவு வரிசையில் நிகழ்வு நடந்தபோது மன்னருக்கு என்ன வயதோ அந்த வயது முகத்தைப் போட முயன்றார்கள். 1643-இல் அரியணை ஏறியபோது லூயிக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. ஆகவே தோள்வரை முடி தொங்கும் குழந்தை முகம், மீசை அரும்பும் இளைஞர் முகம், பெரிய சுருட்டை விக் வைத்த நடுவயது முகம், கன்னம் தளர்ந்த முதிய முகம் என்று படிப்படியாக மாறும். மறு அச்சு வாங்கும்போது இதைச் சரிபாருங்கள். பழைய தலை அச்சு உடைந்தோ தேய்ந்தோ போயிருந்தால் வேறு தலை அச்சோடு சேர்த்து அடிப்பது நாணயச்சாலைகளில் உள்ள வழக்கம்தான். 1650-களின் நிகழ்வுக்கு ஐம்பது வயது முகம் இருந்தால் அந்த ஜோடி சந்தேகத்துக்குரியது. கழுத்து வெட்டின் அடியில் பொடி எழுத்தில் வெட்டியவர் பெயர் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இல்லாமல் அது தெரியாது.

குறை இருப்பது முகத்தில்தான். அதைப் புரிந்துகொள்ள அடிக்கும் முறை தெரிய வேண்டும். முதலில் எஃகுத் துண்டில் உருவத்தைப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைக் கடினப்படுத்தி, இளக்கமான இன்னொரு எஃகுக் கட்டியில் அழுத்தினால் உருவம் குழிவாகப் பதியும். அந்தக் குழிவான கட்டிதான் அச்சு. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தனி உளியால் அதில் தட்டி இறக்கி, பின் அச்சையும் கடினப்படுத்துவார்கள். தலை அச்சுக்கும் பூ அச்சுக்கும் நடுவே உலோக வில்லையை வைத்து, பெரிய திருகு இயந்திரத்தின் கைகளை ஆட்கள் வேகமாகச் சுழற்றி அடிப்பார்கள். நாணயத்துக்கு ஓர் அடி போதும். மெடலின் புடைப்பு உயரமானது என்பதால் ஒரே அடியில் உலோகம் அச்சின் ஆழம்வரை போய் நிரம்பாது. ஓர் அடி வாங்கிய உலோகம் இறுகிவிடும். மறுபடி உலையில் காய்ச்சி இளக்கி, அதே இடத்தில் சரியாகப் பொருத்தி, மீண்டும் அடிக்க வேண்டும். பொருத்துவதில் மயிரிழை பிசகினாலும் எழுத்துகளுக்கு நிழல்போல இரட்டைக் கோடு விழும். இந்த இரட்டைக் கோட்டைப் போலியின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அசலிலும் வரும், மறு அச்சிலும் வரும்.

மறு அச்சில் மட்டும் அடிக்கடி காணக்கூடிய குறைகள் வேறு. இருநூறு ஆண்டு பழைய எஃகு அச்சில் துருப் பிடித்து நுண்ணிய பள்ளங்கள் விழுந்திருக்கும். அடித்த மெடலில் அவை வெற்றுத்தளத்தில் சிறு பருக்களாக எழும்பி நிற்கும். பள்ளம் அச்சில் இருந்தால் மெடலில் மேடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மெடலிலேயே பள்ளமாகப் புள்ளிகள் இருந்தால் அது துரு அச்சின் வேலை ஆகாது. வார்ப்புக் குமிழோ பிற்கால அரிப்போ ஆகலாம். துருவை நீக்க அச்சைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் நேர்மாறான குறை வரும். ஆழம் குறைந்த வேலைப்பாடுகளான தூரத்து மலை, கதிர்க்கோடு, கப்பல் கயிறு ஆகியவை மறைந்துவிடும். அச்சு விரிசல் விட்டிருந்தால், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் மெல்லிய மேட்டுக் கோடு தெரியும். இவை எல்லாம் சேர்ந்து முகத்தைத்தான் முதலில் பாதிக்கும். கன்னத்துச் சதை, உதட்டோரம், இமை ஆகிய மென்மையான ஏற்ற இறக்கங்கள் போய், விக்கின் சுருள்கள் மட்டும் கூர்மையாக நிற்கும். பூப் பக்கத்தில் கோடுகளும் எழுத்துகளும் அதிகம் என்பதால் இழப்பு குறைவு. அதனால்தான் இந்த மறு அச்சுகளைப் பூவுக்காக வாங்குங்கள் என்கிறோம்.

இப்போது விளிம்பு. மறு அச்சின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு அசல்களின் விளிம்பு வெறுமையாக இருக்கும். 1832 முதல் பாரிஸ் நாணயச்சாலை, அடித்த ஒவ்வொரு மெடலின் விளிம்பிலும் சிறு குறியைக் குத்தத் தொடங்கியது. 1832 முதல் 1841 வரை பழங்கால எண்ணெய் விளக்கு. 1841, 1842-இல் சுமார் ஓராண்டு நங்கூரம். அடுத்து 1845 வரை கப்பலின் முன்முனை. 1845 முதல் 1860 வரை சுட்டுவிரல் நீட்டிய கை. 1860 முதல் 1879 வரை தேனீ. 1880 முதல் இன்றுவரை பழங்கள் வழியும் கொம்பு. குறிக்குப் பக்கத்திலேயே உலோகத்தின் பெயர் பிரெஞ்சில் இருக்கும். பழையவற்றில் செம்பு என்ற சொல், 20-ஆம் நூற்றாண்டில் நகர நகர வெண்கலம் என்ற சொல். பிற்காலத்தவற்றில் அடித்த ஆண்டையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள்.

விற்பவர் இரண்டு பக்கப் படங்களை மட்டும் போட்டு விளிம்பைக் காட்டாவிட்டால், விளிம்பு முழுவதையும் சுற்றி எடுத்த படம் கேளுங்கள். நான்கு கோணங்களில் எடுத்தால் போதும். குறி மிகச் சிறியது, 2 மி.மீ.கூட இருக்காது, நிழலில் மறைந்துவிடும். படம் தர மறுத்தால் வாங்காதீர்கள். விளிம்பை ஒரே இடத்தில் மட்டும் அரம் போட்டுத் தேய்த்திருந்தாலும் அப்படியே. குறியை அழித்து அசலாக்கும் வேலை அது. குறி இல்லாததாலேயே அசல் என்று ஆகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். 1832-க்கு முன்பும் மறு அச்சு அடித்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு மறு அச்சுக்கும் அசலுக்கும் வேறுபாடு காண, அச்சின் தேய்மானத்தை அருங்காட்சியகப் பிரதியோடு ஒப்பிடுவதே வழி.

எங்கள் பரிந்துரை தேனீ, கை ஆகிய குறிகள் கொண்டவை. செம்பில் அடித்தவை, கரும்பழுப்புப் பூச்சு ஆழமாக ஊறியவை, அச்சு அப்போது இன்னும் அவ்வளவு நலியவில்லை. கொம்புக் குறியில் பழையவையும் நல்லவையே. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவற்றில் மேற்பரப்பைப் பொடிமணல் வீசி மங்கலாக்கி, இரசாயனத்தால் பழுப்பேற்றி, மேடான இடங்களை மட்டும் துடைத்து ஒளிரவைக்கும் பாணி அதிகம். புகைப்படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அந்தச் செயற்கை நிழல், செதுக்கியவரின் நிழலை மூடிவிடுகிறது.

அளவும் எடையும் பார்ப்பது கட்டாயம். வெர்னியர் காலிப்பரும் 0.1 கிராம் காட்டும் தராசும் போதும். 41 மி.மீ. விட்டம், சராசரி 3 மி.மீ. தடிமன் என்று கணக்கிட்டால் செம்புக்கு ஏறத்தாழ 35 கிராம் வரும். தடிமனைப் பொறுத்துச் சில கிராம் ஏறி இறங்கலாம். விட்டம் 40.4 அல்லது 40.2 மி.மீ. என்று சற்றே குறைந்து, எழுத்து விளிம்புகள் மெழுகுபோல உருண்டு, வெற்றுத்தளம் மணல்மணலாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது வார்ப்பு நகல். நல்ல மெடலை வைத்து மண்ணில் அச்செடுத்து ஊற்றும்போது, வெண்கலம் ஆறும் நேரத்தில் 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் காட்டிக்கொடுக்கிறது. மின்முலாம் முறையில் செய்த நகலில் சுருக்கம் இருக்காது, விவரமும் துல்லியமாக இருக்கும். ஆனால் அது இரண்டு மெல்லிய ஓடுகளை ஒட்டியது. விளிம்பின் நடுவே ஒரு கோடு ஓடும், எடையும் பொருந்தாது. அருங்காட்சியகங்கள் ஒரு காலத்தில் படிப்புக்காகச் செய்த நேர்மையான நகல்கள் அவை. மறு அச்சு என்று சொல்லி விற்றால்தான் தவறு.

சிற்பக் கலைக்காக வேண்டாம் என்று சொன்னதற்கான காரணம் இதோ. பரோக் கால முக மெடல்களின் உச்சம் ஒரே அளவு வரிசைக்கு முன்பே வந்துவிட்டது. 1603-இல் கியோம் துப்ரே செய்த மெடலில் நான்காம் ஹென்றியும் மரீ த மெதிசியும் ஒரே தலைப் பக்கத்தில் ஒருவர் முகத்துக்குப் பின் ஒருவராக இருக்கிறார்கள். பூவில் மன்னர் போர்க்கடவுள் மார்ஸாகவும் அரசி மினர்வாவாகவும் கைகோக்க, நடுவே குழந்தை இளவரசர், மேலே முடியைச் சுமந்து வரும் கழுகு. அரசியின் சரிகைக் கழுத்துப்பட்டியில் நூல்வேலைகூடத் தெரியும். இது அடித்தது கிடையாது, வார்த்தது. மெழுகில் உருவம் செய்து, ஊற்றி, பின் உளியால் சீர்செய்தது. வார்ப்பு மெடலுக்குப் பழைய அச்சு என்று ஒன்று இருக்க முடியாது. ஆகவே துப்ரேயின் ‘மறு அச்சு’ என்று எவராவது விற்றால் அது வார்ப்பு நகலாகவோ, பிற்காலத்தில் புதிதாக அச்சு செய்து அடித்ததாகவோதான் இருக்கும். இரண்டிலும் துப்ரேயின் விரல் இல்லை.

லியேஜ் பகுதியிலிருந்து வந்து பாரிஸ் நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநரான ழான் வாரேனும் அந்த உச்சத்தைச் சேர்ந்தவர். 1630-இல் அவர் செய்த, பதின்மூன்றாம் லூயியின் முதலமைச்சரான கார்டினல் ரிஷலியோவின் மெடலில், பிரான்ஸ் தேரில் அமர்ந்திருக்க, அதிர்ஷ்ட தேவதை சங்கிலியில் பின்னால் வருகிறாள். வாசகம், ‘இறுதியில் தோற்று, பின்தொடர்கிறேன்’. சங்கிலியில் கட்டுண்ட தேவதையே பேசுகிறாள். அமைச்சர் ஒருவருக்கு இவ்வளவு துணிச்சலான வாசகம் கிடைத்தது அந்தக் காலத்தின் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. 1665-இல் லூவ்ர் அரண்மனையின் கிழக்கு முகப்புக்கு அடிக்கல் நாட்டியபோது புதைக்கவும் வாரேன் மெடல் செய்தார். பூவில் ரோமிலிருந்து வரவழைத்த கட்டடக் கலைஞர் பெர்னினியின் வரைவு. அந்த முகப்பைக் கட்டவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் திட்டம் மாறி, இன்று நிற்கும் தூண்வரிசை எழும்பியது. கட்டாத கட்டடம் மெடலில் மட்டும் முழுமையாக நிற்கிறது. இந்தப் பெரிய மெடல்களை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வதே சிறந்தது. பாரிஸில் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் ரிஷலியோ வளாகத்தில் உள்ள மெடல் கூடமும், பெர்லினில் போடே அருங்காட்சியக நாணயக் கூடமும் அதற்கு ஏற்றவை. பெர்லின் தொகுப்பில் ஒரு பகுதியை இணையத்தில் எடை, விட்டம் விவரங்களோடு இலவசமாகப் பார்க்கலாம். வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிய உதவி.

லூயியின் மெடல்களை மட்டும் அடுக்கினால் அவர் சொன்ன கதை மட்டும்தான் கையில் இருக்கும். எதிராளிகளின் மெடல்களையும் இரண்டொன்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்வோம். 1692-இல் நமூர் கோட்டையை லூயி பிடித்ததற்கு வரிசையில் மெடல் உண்டு. 1695-இல் அதே கோட்டையை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் திரும்பப் பிடித்ததைக் கொண்டாடும் மெடல்கள் எதிர்ப்பக்கத்தில் வந்தன. 1693-இல் வந்த கேலி மெடல் ஒன்றில் லூயியைப் பெண்கள் போர்க்களத்திலிருந்து தேரில் இழுத்துப் போகிறார்கள். சீசரின் பேச்சைத் திருப்பிப்போட்டு ‘வந்தான், கண்டான், ஆனால் வெல்லவில்லை’ என்று எழுதியிருக்கிறது. இத்தகைய மெடல்களை அரசுகள் சிறுபிள்ளை விளையாட்டாக நினைக்கவில்லை. விவிலியத்தில் சூரியனை நிறுத்திய யோசுவாவாகத் தன்னைக் காட்டி டச்சுத் தூதர் வான் பியூனிங்கென் ஒரு மெடல் செய்தார் என்ற வதந்தி, சூரியனைத் தன் சின்னமாக வைத்திருந்த லூயியின் கோபத்தைக் கிளறியது. டச்சுக்காரர்கள்மீது லூயி தொடுத்த 1672 போருக்கு முந்தைய குற்றச்சாட்டுகளில் அதுவும் ஒன்று. தூதர் அதை மறுத்தார்.

நாடே இல்லாத மன்னருக்கும் மெடல் உதவியது. இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட ஸ்டூவர்ட் குடும்பம் பிரான்ஸில் தங்கியிருந்தபோது, 1708-இல் நோர்பெர் ரொத்தியே இளவரசர் ஜேம்ஸுக்கு ஒரு மெடல் வெட்டினார். தலைப் பக்கத்தில் ‘இது யாருடையது?’ என்ற கேள்வி. பூவில் பிரிட்டிஷ் தீவுகளின் வரைபடமும் ‘திருப்பிக் கொடுங்கள்’ என்ற ஒரே சொல்லும். 1711-இல் எடின்பரோ வழக்கறிஞர் சங்கத்துக்கு இத்தகைய மெடல் ஒன்றைக் கார்டன் சீமாட்டி பரிசாக அனுப்ப, ஏற்பதா மறுப்பதா என்ற வாதம் அரசியல் அவதூறாக வெடித்தது. இந்த மெடல் எங்கள் பார்வையில் அந்தக் காலத்தின் மிகச் சிக்கனமான அரசியல் வாக்கியம். லூயியின் அவை வாரக்கணக்கில் தேடியது இப்படி ஒரு சொல்லைத்தான்.

முதல்முறை வாங்குபவர்கள் மூன்றோடு தொடங்கலாம். சூரிய முகம் உலக உருண்டைக்கு மேல் ஒளிரும் மெடல் முதலாவது. ‘பலருக்கும் ஈடுகொடுப்பவன்’ என்று ஏறத்தாழப் பொருள் தரும் அதன் வாசகம், அந்தக் காலத்திலேயே இலக்கணக் குழப்பம் என்று விமர்சனம் வாங்கியது. அடுத்து ஜெனோவா. அதற்கடுத்து 1686-இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுத் தூதர்கள் வெர்சாய்க்கு வந்த மெடல். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் மன்னர் முன் வணங்குவது, தன் நாட்டாருக்கும் அண்டை நாட்டாருக்கும் காட்டவென்றே தேர்ந்தெடுத்த காட்சி. 1702 புத்தகத்தின் படிமம் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் உண்டு. மெடலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்து, படத்தில் இருப்பது எது மெடலில் இல்லை என்று பாருங்கள். அச்சு எவ்வளவு தேய்ந்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.

பார்க்கும்போது விளக்கை நேர் மேலே வைக்க வேண்டாம். மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஒரே விளக்கு வைத்து, மெடலைக் கையில் மெதுவாகத் திருப்புங்கள். புடைப்பு அப்போதுதான் உயிர்பெறும். விரலை விளிம்பில் மட்டும் வையுங்கள். வியர்வையின் உப்பு செம்பில் சில வாரங்களில் கைரேகையாகவே படிந்துவிடும், பிறகு போகாது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் பசை, புளி, எலுமிச்சை எதுவும் கிட்டவே வரக் கூடாது. பழுப்புப் படலம் போனால் மெடலின் மதிப்பில் பாதி போயிற்று. பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் பச்சை நிறப் பிசுக்கு ஒட்டும். அப்படி ஒட்டியிருந்தால் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். கடினப் பிளாஸ்டிக் டப்பி நல்லது. 41 மி.மீ. என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காமல், மெடலை அளந்து அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேர்ந்தெடுங்கள். வெளிர்பச்சையில் பொடிப்பொடியாக உதிரும் புள்ளி தெரிந்தால் அது சாதாரணக் களிம்பு கிடையாது. குளோரைடு உள்ளே வேலை செய்கிறது. கடலோர ஊர்களில் இது வேகமாகப் பரவும். அந்த மெடலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பியில் வைத்து, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் மணிகள் நிறம் மாறியதும் புதிதாக மாற்றிவிடுங்கள்.